இரண்டு பெயரில் ஒரு வீடு

மணமுறிவு முடிந்ததிலிருந்து என்னிடம் மனம்விட்டுப் பேசுகிறவர்களில் பெரும்பாலோர், சற்றுத் தயங்கிவிட்டு, வீட்டை நீதிமன்றம் எப்படிப் பிரித்துக் கொடுத்தது என்று கேட்கிறார்கள். நீதிமன்றம் எதையும் பிரித்துக் கொடுக்கவில்லை. நாங்கள் இருவரும் உட்கார்ந்து பேசி, எழுதி, கணக்குப் போட்டு, வங்கியிடமும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் காத்துக் கிடந்து பிரித்துக்கொண்ட பிறகு, அந்த ஏற்பாட்டை மனுவில் படித்துப் பார்த்து ஏற்றுக்கொண்டது மட்டும்தான் நீதிமன்றம் செய்தது. இதே நிலையில் நிற்கும் ஒருவருக்கேனும் பயன்படட்டும் என்றுதான், சொந்த விஷயமாக இருந்தாலும், ரூபாய்க் கணக்கோடு எழுதுகிறேன்.

திருமணத்துக்குப் பிறகு சேர்த்த சொத்து முழுவதும் கணவன் மனைவி இருவருக்கும் பொது, பிரியும்போது ஆளுக்குப் பாதி என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நம் நாட்டில் கோவாவில் மட்டும்தான் ஏறக்குறைய அப்படி ஒரு ஏற்பாடு, போர்ச்சுகீசியர் விட்டுச் சென்ற உரிமையியல் சட்டத்தின் வழியாக, இன்றும் இருக்கிறது. இந்து திருமணச் சட்டத்தின் 27ஆவது பிரிவு, திருமணத்தின்போதோ அதை ஒட்டியோ இருவருக்கும் பொதுவாக அளிக்கப்பட்ட பொருள்களைப் பற்றி உத்தரவிடும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்குத் தருகிறது. கட்டில், பீரோ, வெள்ளிப் பாத்திரம் போன்றவை அதில் அடங்கலாம். பத்து ஆண்டுகள் தவணை கட்டி வாங்கிய வீடு அடங்குவது கடினம். மணமுறிவின்போது கணவரின் அசையாச் சொத்திலிருந்தும் மனைவிக்குப் பங்கு தர வழிசெய்யும் ஒரு திருத்த மசோதா 2010இல் கொண்டுவரப்பட்டு, 2013 ஆகஸ்டில் மாநிலங்களவையில் நிறைவேறி, மக்களவை கலைந்தபோது காலாவதியாகிவிட்டது. அதன் பிறகு அதை யாரும் தூசி தட்டி எடுத்ததாகத் தெரியவில்லை. ஆகவே வீடு யாருடையது என்ற கேள்விக்கு நம் சட்டம் சொல்லும் பதில், பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது, பணம் யாரிடமிருந்து வந்தது என்ற இரண்டைச் சுற்றியே வருகிறது. திருமணம் என்ற உறவு அந்தப் பதிலுக்குள் வருவதே இல்லை.

எங்கள் வீடு மேடவாக்கத்தில் இரண்டு படுக்கையறை கொண்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. 2013இல் 48 லட்சம் ரூபாய்க்கு வாங்கினோம். அதில் 36 லட்சம் வீட்டுக்கடன். மீதி 12 லட்சத்தில் 8 லட்சம் என் நகையை விற்ற பணம், 4 லட்சம் என் மாமனார் ஊரில் ஒரு துண்டு நிலத்தை விற்றுக் கொடுத்தது. கிரயப் பத்திரத்தில் இருவர் பெயரும், ‘சம பாகம்’ என்ற சொல்லும் இருந்தன. கடனிலும் இருவரும் சேர்ந்தே கையெழுத்திட்டிருந்தோம்.

அந்தச் ‘சம பாகம்’ எங்களுக்கு எவ்வளவு வேலையைக் குறைத்தது என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன். சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 45ஆவது பிரிவின்படி, இருவர் சேர்ந்து விலை கொடுத்து ஒரு சொத்தை வாங்கி, பங்கு எவ்வளவு என்று எங்கும் சொல்லாமல் விட்டிருந்தால், அவரவர் போட்ட பணத்தின் விகிதத்தில்தான் உரிமை. யார் எவ்வளவு போட்டார்கள் என்பதற்குச் சான்று இல்லையென்றால் மட்டுமே சமம் என்று கொள்ளப்படும். பத்திரம் பேசாமல் இருந்திருந்தால், பதினோரு ஆண்டு வங்கிக் கணக்கு அறிக்கைகளை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு தவணையும் யாருடைய சம்பளத்திலிருந்து போனது என்று வாதாட வேண்டியிருந்திருக்கும். வீடு வாங்கப்போகும் இளம் தம்பதியர் யாராவது இதைப் படித்தால், பத்திர எழுத்தர் வரைவைக் கொடுக்கும்போது அந்த ஒரு வரியை மட்டுமாவது பார்த்துவிடுங்கள். பிரிவதற்காகச் சொல்லவில்லை, ஒருவர் திடீரென்று இறந்துபோனாலும் அதே வரிதான் பேசும்.

பத்திரம் சமம் என்றாலும் பேச்சு சமமாகத் தொடங்கவில்லை. மகள் பிறந்த பிறகு நான் சில ஆண்டுகள் வேலைக்குப் போகவில்லை. அந்தக் காலத்துத் தவணைகள் முழுவதும் என் கணவர் சம்பளத்திலிருந்தே போயின என்பதால் தன் பங்கு கூடுதல் என்பது அவர் தரப்பின் முதல் வாதம். எனக்கு அது கோபத்தைத் தந்தது. ஆனால் கோபம் வாதமாகாது என்று என் வழக்கறிஞர் சொல்லி, 2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பை எடுத்துக்கொடுத்தார். கணவர் சவூதியில் வேலை பார்த்துப் பணம் அனுப்ப, மனைவி ஊரில் இருந்து குடும்பத்தையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட ஒரு வழக்கு அது. அவருடைய சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்து அவருக்கு மட்டுமே உரியது என்ற வாதத்தை நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஏற்கவில்லை. வீட்டை நடத்தி, கணவர் கவலையில்லாமல் வெளியே போய்ச் சம்பாதிக்க வழிசெய்த மனைவியும் அந்தச் சொத்துக்கு மறைமுகமாகப் பங்களித்தவர்தான் என்றும், அவருக்குச் சம பங்கு உண்டு என்றும் தீர்ப்பளித்தார். படித்தபோது எனக்கு உடம்பில் பலம் வந்ததுபோல் இருந்தது. வழக்கறிஞர் உடனே அதைக் கொஞ்சம் இறக்கினார்: இது ஒரு வழக்கின் உண்மைகளை வைத்து ஒரு நீதிபதி சொன்னது, நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அன்று, எல்லா வீட்டுக்கும் இதை எடுத்துப் பொருத்திவிட முடியாது. இருந்தாலும் பேச்சுவார்த்தை மேசையில் அதற்கு ஓர் எடை இருந்தது. அடுத்த அமர்வில் அவர் தரப்பு அந்த வாதத்தை மறுபடி எடுக்கவில்லை.

பேச்சு நடந்தது உயர்நீதிமன்ற வளாகத்தில் 2005 முதல் இயங்கிவரும் சமரச மையத்தில். குடும்ப நீதிமன்றத்துக்கே சொத்து வழக்கை விசாரிக்கும் அதிகாரம் உண்டு. 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம், கணவன் மனைவிக்கு இடையிலான சொத்துத் தகராறையும் அதன் வரம்புக்குள் கொண்டுவந்திருக்கிறது. ஆனால் அந்த வழியில் போனால் என்ன ஆகும் என்பதைச் சமரசம் செய்துவைத்த அம்மையார் முதல் நாளே தெளிவாக விளக்கினார். ஓர் அடுக்குமாடி வீட்டை நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்க முடியாது. அப்படிப் பிரிக்க இயலாத சொத்தைப் பற்றி 1893ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம் சொல்வது இதுதான்: பாதியோ அதற்கு மேலோ பங்குள்ளவர் கேட்டால் நீதிமன்றம் சொத்தை விற்கச் சொல்லலாம், மற்றவர், நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு அந்தப் பங்கைத் தானே வாங்கிக்கொள்ள விண்ணப்பிக்கலாம். எத்தனை ஆண்டுகள் வழக்காடினாலும் கடைசியில் வந்து நிற்கப்போவது, விற்பதா அல்லது ஒருவர் மற்றவருக்குப் பணம் கொடுத்து வாங்கிக்கொள்வதா என்ற இதே இரண்டு வாசல்களின் முன்னால்தான்.

மூன்றாவது ஒரு வழியையும் இரு வீட்டுப் பெரியவர்கள் முன்வைத்தார்கள். மகளுக்குப் பதினெட்டு வயது ஆகும்வரை வீடு இருவர் பெயரிலேயே இருக்கட்டும், பிறகு அவள் பெயருக்கு எழுதிவிடலாம் என்று என் அத்தை, அதாவது அவருடைய அம்மா, கண்கலங்கிச் சொன்னார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அதுவரை தவணையை யார் கட்டுவது, கூரை ஒழுகினால் யார் செலவு செய்வது, இருவரில் ஒருவர் மறுமணம் செய்துகொண்டு இறந்துபோனால் அவருடைய பாதி யாருக்குப் போகும் என்ற கேள்விகளுக்கு அந்த ஏற்பாட்டில் இடமே இல்லை. பிரிந்த இருவரை ஒரு கடன் கணக்கு மாதந்தோறும் பேசவைத்துக்கொண்டே இருக்கும். நான் மறுத்தேன், அவரும் மறுத்தார். அந்த நாள்களில் நாங்கள் வாதமே இல்லாமல் ஒத்துப்போன விஷயம் அது.

விலை நிர்ணயம் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான தம்பதியர் தடுக்கி விழுவது அங்கேதான். வீட்டை வைத்துக்கொள்ளப் போகிறவர் கண்ணுக்கு அது பழைய கட்டடம், தண்ணீர்ப் பிரச்சினை உள்ளது, லிஃப்ட் அடிக்கடி நின்றுவிடுவது. வெளியேறப் போகிறவர் கண்ணுக்கு மெட்ரோ வரப்போகும் பகுதி, விலை ஏறிக்கொண்டே இருக்கிறது. ஒரே வீட்டுக்கு அவர் ஒரு கோடியே ஐந்து லட்சம் சொன்னார். நான் எண்பது லட்சம் சொன்னேன். இருவரும் பொய் சொல்லவில்லை. இருவர் கையிலும் தரகர் சொன்ன ஒரு தொகை இருந்தது. சமரசம் செய்தவர் இதை அவிழ்த்த விதம் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. யார் வைத்துக்கொள்வது என்ற பேச்சை முழுவதுமாக நிறுத்திவைத்தார். வங்கிகளின் பட்டியலில் உள்ள மதிப்பீட்டாளர் ஒருவரை இருவருமாகத் தேர்ந்தெடுத்து, கட்டணத்தைப் பாதிப் பாதி கட்டி, அவர் சொல்லும் விலையை யார் எடுத்துக்கொண்டாலும் ஏற்பதாக முதலில் எழுத்தில் ஒப்புக்கொள்ளச் சொன்னார். தான் வாங்குகிறவரா விற்கிறவரா என்று தெரியாதபோது மனிதர்கள் நியாயமாகப் பேசுகிறார்கள். மதிப்பீட்டாளர் 90 லட்சம் என்று எழுதிக்கொடுத்தார். பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பு அதைவிட நன்றாகவே குறைவு. அது பதிவுக் கட்டணத்துக்கு உதவுமே தவிர, பங்கு பிரிக்க உதவாது.

அடுத்தது நகை. இந்தப் பகுதியை எழுதும்போதும் எனக்குக் கொஞ்சம் நெஞ்சு கனக்கிறது. 2013இல் விற்றபோது பவுன் ஏறத்தாழ 21,000, 22,000 ரூபாய். நாங்கள் பேசிக்கொண்டிருந்த 2024இல் அது ஏறக்குறைய இரண்டரை மடங்காகியிருந்தது. வீடோ 48இலிருந்து 90 லட்சம். இரண்டு மடங்குகூட ஆகவில்லை. விற்காமல் பீரோவிலேயே வைத்திருந்தால் அந்த நகை வீட்டைவிட வேகமாக வளர்ந்திருக்கும். அப்படியானால் எனக்குத் திரும்ப வரவேண்டியது அன்றைய 8 லட்சமா, அத்தனை பவுனின் இன்றைய விலையா? அந்த ஆண்டு ஏப்ரலில்தான் உச்ச நீதிமன்றம், கேரளத்துப் பெண் ஒருவரின் 89 பவுன் நகை தொடர்பான வழக்கில், பெண்ணின் சீதனப் பொருள் அவளுடைய தனிச்சொத்து, நெருக்கடியில் கணவர் அதைப் பயன்படுத்திக்கொண்டாலும் திருப்பித் தரும் கடமை அவருக்கு உண்டு என்று சொல்லி, 25 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டிருந்தது. அதைக் காட்டி இன்றைய பவுன் விலையைக் கேட்கலாம் என்று என் தம்பி சொன்னான். ஆனால் என் நிலை வேறு: நானே மனமொப்பிக் கடைக்குப் போய் விற்று, என் பெயரும் உள்ள வீட்டுக்காகக் கொடுத்தேன். நகை பறிபோகவில்லை, வீடாக மாறியது. அப்படிப் பார்த்தால் அது வீட்டோடு சேர்ந்துதான் வளர வேண்டும். அதே அளவுகோலை என் மாமனார் கொடுத்த பணத்துக்கும் வைத்தோம்.

கணக்கு இப்படி வந்தது. 48இல் 8 லட்சம் என்பது ஆறில் ஒரு பங்கு. 90இல் ஆறில் ஒரு பங்கு 15 லட்சம். 48இல் 4 லட்சம் என்பது பன்னிரண்டில் ஒன்று; 90இல் அது ஏழரை லட்சம். இடையில் அவ்வப்போது கூடுதலாகக் கட்டியிருந்ததால் கடன் பாக்கி 20 லட்சத்துக்கு இறங்கியிருந்தது. 90இலிருந்து 20 போனால் 70. அதில் எனக்கு 15, அவருக்கு ஏழரை என்று முதலில் ஒதுக்கிவிட்டால் மிஞ்சுவது நாற்பத்து ஏழரை லட்சம். ஆளுக்குப் பாதி 23.75. ஆக என் பங்கு 38.75 லட்சம், அவர் பங்கு 31.25 லட்சம். வீட்டை நான் வைத்துக்கொண்டு, அவர் பங்கைப் பணமாகக் கொடுப்பது என்று முடிவாயிற்று. பத்திரத்தில் சம பாகம் என்று இருக்கும்போது இப்படி ஏற்றத்தாழ்வாகப் பிரிக்க அவர் ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் சட்டப்படி இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஒப்புக்கொண்டார். அதற்காக அவருக்கு இங்கே நன்றி சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

பிரிந்து வாழ்ந்த காலத்துத் தவணை ஒரு தனிச் சிக்கல். அவர் வெளியேறிய பிறகு மாதம் 35,000 ரூபாயை ஒட்டிய தவணையை நான் ஒருத்தியே கட்டிவந்தேன்; அதில் பாதியான 17,500ஐ அவர் எனக்குத் தர வேண்டும் என்று கேட்டேன். அதே காலத்தில் தனக்கும் பாதி உரிமையுள்ள வீட்டில் நான் குடியிருக்க, தான் வெளியே வாடகை கொடுத்துக்கொண்டிருப்பதை அவர் சுட்டிக்காட்டினார். அந்த வீடு 25,000 ரூபாய் வாடகைக்குப் போகும். அதில் பாதி 12,500. இரண்டையும் கழித்தால் மாதம் 5,000 ரூபாய் எனக்கு வர வேண்டும். ஆனால் மகள் என்னோடு அந்த வீட்டில் இருந்தாள், அவளுடைய பள்ளிக் கட்டணத்தை அவர் கட்டிக்கொண்டிருந்தார் என்பதையெல்லாம் சேர்த்தால் கணக்கு முடிவில்லாமல் போகும் என்று தெரிந்தது. அந்தப் பகுதியை இருவரும் அப்படியே விட்டுவிட்டோம். எல்லாவற்றையும் ரூபாயாக்கிப் பார்க்கலாம். ஆனால் அதற்கு ஆகும் வழக்கறிஞர் கட்டணமும் ரூபாய்தான்.

ஒன்றில் மட்டும் என் வழக்கறிஞர் பிடிவாதமாக இருந்தார். மகளுக்கான மாதச் செலவைத் தரவேண்டாம், அதற்குப் பதிலாக வீட்டுப் பங்கில் ஐந்து லட்சம் குறைத்துக்கொள்கிறேன் என்று அவர் தரப்பிலிருந்து ஒரு யோசனை வந்தது. கையில் பணம் குறைவாக இருந்த எனக்கு அது கவர்ச்சியாகவே இருந்தது. வீட்டுக் கணக்கு ஒருநாளில் முடிந்துவிடும், பிள்ளையின் செலவு ஆண்டுக்கு ஆண்டு ஏறும், இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் என்றார் வழக்கறிஞர். பராமரிப்பு, மகளைச் சந்திக்கும் நாள்கள், வீடு ஆகிய மூன்றும் ஒப்பந்தத்தில் தனித்தனித் தலைப்புகளாக எழுதப்பட்டன.

இனி வங்கி. கணவன் மனைவிக்குள் என்ன எழுதிக்கொண்டாலும் அது வங்கியைக் கட்டுப்படுத்தாது. பங்கை விட்டுக்கொடுத்துவிட்டாலும், கடன் பத்திரத்தில் கையெழுத்திட்டவர் கடன்காரராகவே தொடர்வார். நான் தவணை தவறினால் கடனை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று காட்டும் அவருடைய சிபில் மதிப்பெண்ணும் சேர்ந்தே விழும். ஆகவே கடனிலிருந்து அவர் பெயர் நீங்க வேண்டும். ஆனால் எங்களுக்குக் கடன் கொடுத்திருந்த வங்கி, இருவர் வருமானத்தைப் பார்த்துக் கொடுத்த கடனை ஒருவர் பெயருக்கு மாற்ற முடியாது என்று திரும்பத் திரும்பச் சொல்லி எங்களைப் பல மாதங்கள் அலைய வைத்தது. கடைசியில் வேறொரு வங்கியில் என் ஒருத்தியின் சம்பளத்தைக் காட்டிப் புதுக் கடனுக்கு விண்ணப்பித்தேன். எனக்குத் தேவைப்பட்டது பழைய கடனை அடைக்க 20 லட்சம், அவருக்குக் கொடுக்க 31.25 லட்சம், மொத்தம் 51.25 லட்சம். என் சம்பளத்துக்கு 40 லட்சம்தான் கிடைத்தது. மீதியை வருங்கால வைப்புநிதியிலிருந்தும் அம்மாவின் நிரந்தர வைப்பிலிருந்தும் எடுத்தேன். வீட்டை வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிற பெண்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: உரிமை பற்றிய பேச்சைத் தொடங்குவதற்கு முன்பே, உங்கள் சம்பளத்துக்கு எவ்வளவு கடன் கிடைக்கும் என்று ஒரு வங்கியில் கேட்டுவிடுங்கள். அந்தத் தொகை கைக்கெட்டாவிட்டால், விற்றுப் பணமாகப் பிரித்துக்கொள்வதே மேல். கடன் கழுத்தை நெரிக்கும் வீட்டில் குடியிருப்பதில் பெருமை ஒன்றும் இல்லை.

எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதில் ஒரு பத்திர எழுத்தர் சொன்ன விஷயம் எங்களுக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் மிச்சப்படுத்தியது. தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினர்களுக்கு இடையே விடுதலைப் பத்திரம், அதாவது பொதுச் சொத்தில் ஒருவர் தன் பங்கை மற்றவருக்கு விட்டுக்கொடுக்கும் பத்திரம், எழுதினால் முத்திரைத் தீர்வை சந்தை மதிப்பில் 1 விழுக்காடு, உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 விழுக்காடு, உச்சவரம்பு 10,000 ரூபாய். 2023 ஜூலையில் உயர்த்தப்பட்ட பிறகு உள்ள அளவு இது. அதற்கு முன் 25,000, 4,000 என்று இருந்தது. குடும்பம் என்பதற்கான வரையறையில் கணவனும் மனைவியும் இருக்கிறார்கள். முன்னாள் கணவனும் முன்னாள் மனைவியும் இல்லை. தீர்ப்பு வந்த மறுநாள் போனால் நீங்கள் இருவரும் சட்டத்தின் கண்ணில் வெளியாட்கள், அப்போது தீர்வை 7 விழுக்காடு ஆகிவிடும் என்றார் அவர். வழிகாட்டி மதிப்பின்படி எங்கள் வீட்டின் பாதிப் பங்கு 32 லட்சம். கணவன் மனைவியாக இருக்கும்போது தீர்வை 32,000. பிரிந்த பிறகானால் 2,24,000.

ஆனால் தீர்ப்புக்கு முன்பே எழுதுவதிலும் ஆபத்து இருக்கிறது. பரஸ்பர சம்மதத்தின் பேரில் மணமுறிவு கேட்டு இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவின்கீழ் போடும் மனுவில் இரண்டு கட்டங்கள் உண்டு. இடையில் ஆறு மாத இடைவெளி. அந்த இடைவெளியைத் தக்க காரணம் இருந்தால் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் இறுதித் தீர்ப்பு வரும்வரை எவரும் தம் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பது 1991 முதல் உள்ள நிலை. பங்கை எழுதிக்கொடுத்த பிறகு நான் மனம் மாறிவிட்டால் என்ன செய்வது என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. பணம் முழுவதையும் கொடுத்துவிட்ட பிறகு அவர் மனம் மாறிவிட்டால் என்ன ஆகும் என்ற அச்சம் எனக்கும் இருந்தது. பணமும் பத்திரமும் ஒரே நாளில் கைமாறினால், அதன் பிறகு யார் மனம் மாறினாலும் வீட்டுக் கணக்கில் இருவருக்கும் நட்டமில்லை என்ற இடத்தில் உடன்பட்டோம். சமரச ஒப்பந்தத்தின் நிபந்தனைகளை முதல் மனுவிலேயே சேர்த்து, முதல் கட்டம் முடிந்த பிறகு, இரண்டாம் கட்டத்துக்கு முன் பதிவை வைத்துக்கொண்டோம்.

பதிவு நாளன்று சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு முட்டுக்கட்டை வரவேண்டியது. முன்கூட்டியே பேசி வைத்திருந்ததால் வரவில்லை. பணம் கைக்கு வராமல் அவர் கையெழுத்திட மாட்டார். வீடு முழுவதும் என் பெயருக்கு வராமல் புது வங்கி பணம் தராது. பழைய கடன் அடையாமல் மூலப்பத்திரம் வெளியே வராது. புது வங்கி முதலில் பழைய வங்கிக்குரிய 20 லட்சத்தைச் செலுத்தியது. பதிவு நாளில் வங்கியின் பிரதிநிதி அவர் பெயருக்கான வரைவோலையோடு வந்து உட்கார்ந்திருந்தார். விடுதலைப் பத்திரம் பதிவான கையோடு, வங்கிக்கு உரிமைப் பத்திரங்களை ஒப்படைக்கும் ஆவணமும் அடுத்த எண்ணில் பதிவாயிற்று. கைரேகை வைத்து, புகைப்படம் எடுத்து முடிந்த பிறகு, வரைவோலை அவர் கைக்குப் போனது. சாட்சிக் கையெழுத்துப் போட என் தம்பியும் அவருடைய நண்பர் ஒருவரும் வந்திருந்தார்கள். நான்கு பேரும் வெளியே வந்து டீ குடித்தோம். பேச ஒன்றும் இல்லை.

வீட்டுக்குள் இருந்த பொருள்களைப் பற்றி எழுத அதிகம் இல்லை. என் வீட்டில் கொடுத்த சீர்வரிசை எனக்கு, அவர் அம்மா கொடுத்த கிரைண்டரும் தேக்குக் கட்டிலும் அவருக்கு, சேர்ந்து வாங்கியவை மகள் இருக்கும் இடத்தில் என்று ஒரு தாளில் எழுதி முடித்தோம். லட்சங்களில் ஒத்துப்போனவர்கள் ஒரு பித்தளை அண்டாவில் முட்டிக்கொண்டோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது இரு வீட்டாரும் தங்களுடையது என்று இன்றுவரை உறுதியாக நம்பும் அண்டா.

இவ்வளவும் எங்கள் இருவர் பெயரும் பத்திரத்தில் இருந்ததால் நடந்தது. என் அலுவலகத் தோழி ஒருத்திக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவள் குடியிருந்தது மாமியார் பெயரில் இருந்த வீடு. பதினைந்து ஆண்டுகள் அந்த வீட்டுக்கு அவள் சம்பளமும் போனது. மாடி எடுத்துக் கட்டிய செலவில் பாதி அவளுடையது. பங்கு கேட்க அவளிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம், பகிர்ந்து வாழ்ந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையைத் தருகிறது. அந்த வீடு கணவரின் பெற்றோர் பெயரில் இருந்தாலும் அந்த உரிமையைக் கேட்கலாம் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தன் பழைய நிலைப்பாட்டை மாற்றியது. அது முக்கியமான பாதுகாப்பு. ஆனால் அது குடியிருக்கும் உரிமையே தவிர, சொத்துரிமை அன்று. மாடி கட்ட வங்கியிலிருந்து எடுத்த தொகை, கொத்தனாருக்குக் கொடுத்த காசோலை என்று கிடைத்ததையெல்லாம் அவள் இப்போது திரட்டிக்கொண்டிருக்கிறாள். மாமனார் மாமியார் வீட்டுக்குச் செலவு செய்யும் பெண்கள் அதை வங்கி வழியாகச் செய்வது நல்லது. உறவில் சந்தேகம் என்று யாரும் இதை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆண் பிள்ளைகளும் அண்ணன் தம்பிக்குள் அப்படித்தான் செய்கிறார்கள்.

பதிவு முடிந்த பிறகு செய்ய வேண்டியவை சலிப்பூட்டும் வேலைகள்: வில்லங்கச் சான்றிதழில் புதுப் பதிவு ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது, சொத்து வரி, மின் இணைப்பு, குடியிருப்போர் சங்கப் பதிவேடு, கார் நிறுத்துமிட ஒதுக்கீடு ஆகியவற்றில் பெயர் மாற்றுவது. பழைய கடன் முடிந்ததற்கான சான்றிதழை வாங்கி அவருக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். அவர் பின்னாளில் தனக்கு ஒரு வீடு வாங்க நினைத்தால் அது தேவைப்படும்.

மிச்சம் இருந்தது உயில். நான் இல்லாமல் போனால் இந்த வீடு என் மகளுக்குத்தான் வரும். மணமுறிவான கணவர் என் வாரிசு இல்லை. ஆனால் அவள் இன்னும் மைனர். அப்போது அவளுடைய இயற்கைக் காப்பாளராக நின்று அந்தச் சொத்தைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் அவளுடைய தந்தைதான். நீதிமன்ற அனுமதியில்லாமல் அதை அவர் விற்க முடியாது என்பது உண்மை. அவர் மேல் எனக்கு அவநம்பிக்கையும் இல்லை. இருந்தாலும் இத்தனை பாடுபட்டுத் தனியாக்கிய கணக்கு மறுபடி ஒன்றாகக் கலக்க வேண்டாம் என்று, என் தம்பியை நிறைவேற்றுபவராகக் குறித்து, மகளுக்கு இருபத்தொரு வயது ஆகும்வரை வீட்டை அவன் நிர்வகிக்க வேண்டும் என்று உயில் எழுதிப் பதிவு செய்தேன். அதைச் செய்ததை அவரிடமும் தெரிவித்துவிட்டேன். தானும் அப்படி ஒன்று எழுத வேண்டும், யாரிடம் எழுதினாய் என்று கேட்டார். அதே பத்திர எழுத்தரின் கைப்பேசி எண்ணை அனுப்பிவைத்தேன்.